தேசிங்கு ராஜனும் தேசபக்தியும்

"தேசபக்தி என்றால் என்ன?" என்று எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்த வகுப்பில் கேட்டாலும் கை தூக்காத பிள்ளை ஒன்றுகூட இராது. கணக்குப் பாடத்தில் கேள்வி கேட்டால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பையன்கூட, இந்தக் கேள்விக்கு மார்பை நிமிர்த்திக்கொண்டு எழுந்து நிற்பான். விடையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். தாய்நாட்டினிடம் அன்பு வைப்பது; வேண்டுமானால் அதற்காக உயிரையும் கொடுப்பது. நாமும் "சபாஷ், உட்கார்!" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். இருபது வருஷ காலமாக நாம் அப்படித்தான் செய்து வந்திருக்கிறோம்.

ஆனால் சென்ற தை மாதத்தில் ஒரு நாள், நம் மாணவ மாணவிகள் முப்பது பேரைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போய் வந்தோம். அதன் பிறகு அந்தச் "சபாஷ்" அவ்வளவு சுலபமாக நம் வாயிலிருந்து வருவதில்லை. காரணத்தைச் சொன்னால், குழந்தைகள் உள்ள குடும்பத்தினர் சற்று யோசித்துப் பார்க்கக்கூடும் என்று தோன்றியதனாலேயே இதை எழுதுகிறோம்.

கல்லும் மலையும்

செஞ்சியைப் பார்த்திராத நேயர்களுக்காக இரண்டு வார்த்தை. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பெருஞ்சாலை, இந்தக் கோட்டையின் நடுவே புகுந்து அதை இரண்டாகப் பிளந்துகொண்டு செல்லுகிறது. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்று மலைகளிலும் பாறைமேல் பாறை. ராட்சதக் குழந்தைகள் கூழாங்கல் விளையாடிவிட்டு, தாயார் கூப்பிட்டதும் அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போனார்களோ என்று எண்ணத் தோன்றும். அந்த மலைகளை இணைத்துக்கொண்டு ஓடும் மதிலுக்குள்ளே கல்யாண மஹால், நெற்களஞ்சியங்கள், யானைக்குளம், குதிரை லாயம், வேங்கடரமணர் கோயில், மசூதி எல்லாம் இருக்கின்றன. ராஜகிரியின் உச்சிக்கு ஏறுவதற்குள் நம்மைப் போன்ற நாற்பது வயதுக்காரர்களுக்கு மூச்சு முட்டிவிடும். உச்சியை நெருங்கும்போது ஆழமான ஒரு பிளவு குறுக்கிடுகிறது. அதன்மேல் போட்டிருக்கும் பாலத்தை எடுத்துவிட்டால் எந்தச் சைனியமும் அந்தப் பக்கம் போக முடியாது. பத்துப் பேர் அங்கே நின்றால் பதினாயிரம் பேரை நிறுத்திவிடலாம்.

1597-ஆம் வருஷத்தில் இங்கே வந்த பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், லிஸ்பன் நகரம் நீங்கலாகத் தம் போர்த்துகல் தேசத்தில்கூட இவ்வளவு பெரிய நகரம் இல்லை என்று எழுதி வைத்தார். இன்றைக்கோ அந்த மகாநகரம் இருந்த இடத்தில் ஆடுகள் மேய்கின்றன. சீதாப்பழச் செடிகள் மண்டிக் கிடக்கின்றன.

இந்தக் கோட்டைக்கு எத்தனை எஜமானர்கள்! முதன்முதலில் இங்கே அரண் கட்டியவன் ஆநந்தக் கோன் என்ற இடைச் சாதித் தலைவன் என்றும், அது 1190-ஐ ஒட்டிய காலம் என்றும், நாராயண பிள்ளை என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் எழுதிய 'கர்னாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' கூறுகிறது. பிறகு விஜயநகரத்தாரின் நாயக்கர்கள் ஆண்டார்கள். 1649-இல் பீஜப்பூர் சுல்தானுடைய சைனியம் பிடித்தது. 1677-இல் சிவாஜி மகாராஜா கைப்பற்றினார். 1698-இல் மொகலாயர், 1714-இல் ஆர்க்காட்டு நவாபு, 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் இங்கிலீஷ்காரர். நடுவிலே 1780-இல் ஹைதர் அலியும் வந்து போனார். இவ்வளவு பேருக்கும் இடங்கொடுத்த கோட்டை, ஒருவரிடமும் நிலைத்து நிற்கவில்லை.

ஒரு பத்திரிகைத் துண்டும் ஒரு சச்சரவும்

நம் மாணவன் ஒருவன் சட்டைப் பையில் ஒரு பத்திரிகைத் துண்டைப் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்திருந்தான். 2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் 11-ஆம் தேதி, பாரிஸ் நகரில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் ஜாபிதாவில் சேர்த்த செய்தி அது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் செஞ்சி தனியாகச் சேர்க்கப்படவில்லை. 'இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகள் ஒரே தொகுதியாகச் சேர்க்கப்பட்டன. அவற்றில் ராய்கட், சிவ்நேரி, பிரதாப்கட் முதலிய பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது செஞ்சி.

பையன் அதைப் படித்துக் காட்டிய உடனே சச்சரவு ஆரம்பமாயிற்று.

"இது எப்படி மராட்டியக் கோட்டை ஆகும்? கட்டினவன் ஆநந்தக் கோன். மதிலை எழுப்பினவர்கள் நாயக்கர்கள். மராட்டியர் இருந்தது மொத்தம் இருபத்தொரு வருஷம்!" என்றான் ஒருவன். கணக்கு சரிதான். 1677-க்கும் 1698-க்கும் இருபத்தொன்றுதான்.

"இருபத்தொரு வருஷமாக இருந்தால் என்ன? சிவாஜி மகாராஜாவின் பிள்ளை ராஜாராம் இந்தக் கோட்டையில் உட்கார்ந்துகொண்டல்லவா ஔரங்கசீப்பின் சைனியத்தை எட்டு வருஷம் தடுத்து நிறுத்தினார்? இந்தக் கோட்டை மட்டும் இல்லாவிட்டால் மராட்டிய ராஜ்யமே அஸ்தமித்திருக்குமே!" என்றாள் ஒரு பெண். அவளுடைய குடும்பம் பல தலைமுறைகளாகத் தமிழ்நாட்டில் வாழ்வது. வீட்டுக்குள்ளே இன்னும் மராத்தி பேசுகிறவர்கள்.

"அப்படியானால் நீ மகாராஷ்டிரத்துக்கே போய்விடு!" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது.

அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். உலகப் பாரம்பரியச் சின்னம் என்று உலகத்தார் சேர்ந்து கொடுத்த கௌரவம், நம் வகுப்பில் ஐந்து நிமிஷத்துக்குள் ஒரு பெண்ணை ஊரை விட்டுத் துரத்தும் அளவுக்கு வந்துவிட்டது. நாம் அதட்டினோம். சத்தம் அடங்கிற்று. அதட்டல் வாயை அடக்குமே ஒழிய மனத்தை அடக்காது என்பது உபாத்தியாயர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

பாட்டில் வரும் தேசிங்கு

பேச்சை மாற்றுவதற்காக நாம் தேசிங்கு ராஜன் கதையை எடுத்தோம். செஞ்சி என்றால் தமிழ்நாட்டுப் பாமர ஜனங்களுக்கு ராஜாராமும் தெரியாது, நாயக்கர்களும் தெரியாது. தேசிங்கு ராஜன் ஒருவனைத்தான் தெரியும். தெருக்கூத்திலும் பாட்டுப் புத்தகத்திலும் அவன் கதை வழங்கி வந்திருக்கிறது. 1960-இல் சினிமாவாகவும் வந்தது.

கதை நேயர்களுக்குத் தெரிந்ததே. டில்லி பாதுஷாவின் அடங்காத குதிரையை அடக்கிய சிறுவன். விவாகமாகியும் போருக்குப் புறப்படும் நாள் வரையில் மனைவியின் முகத்தையே பார்த்திராத வாலிபன். கப்பம் கட்டு என்று ஆர்க்காட்டு நவாபு கேட்டபோது, கட்ட முடியாது என்று சொன்ன தீரன். சிங்கவரத்துக் குன்றின்மேல் பள்ளிகொண்டிருக்கும் ரங்கநாதரிடம் அவன் உத்தரவு கேட்கப் போனபோது, யுத்தம் வேண்டாம் என்பதற்கு அடையாளமாகப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இன்றும் அந்தச் சந்நிதியில் பெருமாளின் திருமுகத்தைக் காட்டி அந்த ஊரார் இதைச் சொல்லுவார்கள். அவனுடைய ஆருயிர்த் தோழன் மஹபத்கான் என்ற முஸ்லிம் வீரன். தன் கலியாணப் பந்தலில் இருந்தவன், தோழனிடமிருந்து ஓலை வந்தது என்று கேட்டதும் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் குதிரை ஏறினான். இருவரும் ஒரே போரில் மடிந்தார்கள். தேசிங்கின் இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள்.

எத்தனையோ தடவை சொல்லிய கதை. எந்த இடத்தில் குரலை உயர்த்த வேண்டும், எந்த இடத்தில் தாழ்த்த வேண்டும் என்பது நமக்கு மனப்பாடம். நவாபு வரும் இடங்களில் சற்றுக் கரகரப்பாகப் பேசுவோம். பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொள்வார்கள். செட்டிக்குளத்தின் கரையில், தேசிங்கைத் தகனம் செய்ததாகச் சொல்லப்படும் இடத்தில் நின்றுகொண்டு கதையை முடித்தபோது, இரண்டு மூன்று பிள்ளைகளின் கண் கலங்கியிருந்தது. நமக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு பையனின் கேள்வி

அங்கிருந்து திரும்பி வரும் வழியில் ஒரு மசூதி இருக்கிறது. தேசிங்கை ஜயித்த நவாபு சாதத்துல்லாகான் பெயரால் விளங்குவது. போர் முடிந்து மூன்று நான்கு வருஷங்களுக்குள் கட்டப்பட்டது. நம் வகுப்பில் அதிகம் பேசாத ஒரு முஸ்லிம் மாணவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்து வந்தான். அவன் வெளியே வந்ததும் மற்றொரு பையன், "உங்கள் நவாபு கட்டினதல்லவா? எங்கள் தேசிங்கைக் கொன்றுவிட்டு!" என்றான்.

'எங்கள்', 'உங்கள்' என்ற இந்த இரண்டு வார்த்தைகளும் எங்கிருந்து வந்தன? அப்படிச் சொன்ன பையன் வீட்டில் தெலுங்கு பேசுகிறவன். தேசிங்கோ வடக்கே புந்தேல்கண்டத்து ராஜபுத்திர வம்சத்தவன். முஸ்லிம் பையனோ தமிழைத் தவிர வேறு பாஷை அறியாதவன். அவன் பாட்டனாரும் பூட்டனாரும் அடக்கமாகியிருக்கும் ஊர் செஞ்சிக்கு மிகவும் சமீபத்தில் உள்ளது. இந்தத் தெலுங்குப் பையனுக்கு அந்தப் புந்தேலன் 'எங்கள்' ஆனதும், இந்தத் தமிழ்ப் பையனுக்கு அந்த நவாபு 'உங்கள்' ஆனதும் எப்படி? யாரையும் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் கரகரத்த குரலில் கதை சொன்னவர் நாமே.

தவறைத் திருத்திவிட வேண்டுமென்று அவசரமாகப் பேசினோம். "தேசிங்குக்காக உயிரைக் கொடுத்த மஹபத்கான் யார்? அவனும் முஸ்லிம்தானே? அவனல்லவா உண்மையான வீரன்!" என்றோம். இது போதும் என்று நினைத்தோம். சாதாரணமாக எல்லோரும் இந்த இடத்தில் இதைத்தான் சொல்லுவார்கள். கேட்பவர்களும் தலையை ஆட்டுவார்கள்.

அந்தப் பையன் தலையை ஆட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, கொஞ்சமும் கோபமில்லாமல், "ஸார், மஹபத்கான் சாகாமல் கலியாணம் செய்துகொண்டு வீட்டிலேயே இருந்திருந்தால், அவனை நல்லவன் என்று சொல்லுவீர்களா?" என்று கேட்டான்.

நமக்கு விடை தெரியவில்லை. "வெயில் ஏறுகிறது, எல்லோரும் வரிசையாக நடங்கள்" என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தோம்.

சரித்திரத்தில் வரும் தேசிங்கு

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. அண்ணாமலைச் சர்வகலாசாலைப் பேராசிரியராக இருந்த சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943-இல் செஞ்சியின் சரித்திரத்தை விரிவாக எழுதி வெளியிட்டிருக்கிறார். அதையும் வேறு சில நூல்களையும் வைத்துக்கொண்டு பார்த்தால், பாட்டில் வரும் தேசிங்கு வேறு, சரித்திரத்தில் வரும் தேஜ் சிங் வேறு என்பது விளங்குகிறது.

தகப்பன் சொரூப் சிங், மொகலாய பாதுஷா ஔரங்கசீப்பின் கீழே செஞ்சிக் கோட்டைக்கு அதிகாரியாக வந்தவன். 1714-இல் அவன் காலமானான். தேசிங்கு செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்தவன் என்று பாட்டுச் சொல்லுகிறது; தகப்பன் இறந்த பிறகு புந்தேல்கண்டத்திலிருந்து வந்து சேர்ந்தவன் என்று சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். இருபது வயதைச் சிறிது கடந்தவன். அவன் செஞ்சியை ஆண்டது ஒரு வருஷங்கூட இல்லை. தகப்பன் வைத்துவிட்டுப் போன வரிப் பாக்கியை நவாபு கேட்டார். எங்கள் குடும்பத்துக்குப் பாதுஷா கொடுத்த சாசனம் இருக்கிறது, உமக்கு என்ன அதிகாரம் என்றான் தேசிங்கு. பழைய பாதுஷாவின் சாசனம் புதிய பாதுஷாவின் காலத்தில் செல்லாது, புதுப்பித்துக்கொண்டு வா என்றார் நவாபு. வழக்கு இதுதான்! இருவரும் டில்லியின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் சண்டை போட்டார்கள். தேசம் என்ற பேச்சு இருவர் வாயிலும் வரவில்லை.

1714-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் போர் நடந்தது. தேசிங்கின் பக்கம் சில நூறு குதிரை வீரர்களே இருந்தார்கள். எதிர்ப்பக்கம் பெருஞ் சைனியம். அந்தச் சைனியத்தில் லாலா தோடர்மல் போன்ற ஹிந்துத் தலைவர்களும் இருந்தார்கள். தேசிங்கின் பக்கத்தில் மஹபத்கான் இருந்தான். ஆகவே இது ஹிந்து முஸ்லிம் யுத்தமும் அன்று. தமிழர் அந்நியர் யுத்தமும் அன்று. போர் முடிந்ததும் அந்த வாலிபனுடைய வீரத்தை எண்ணி நவாபே வருந்தினார் என்றும், ராஜ மரியாதைகளுடன் தகனம் செய்வித்தார் என்றும் கூறுகிறார்கள். பாலாற்றங்கரையில் ஆர்க்காட்டுக்கு எதிரே உள்ள ராணிப்பேட்டை, தேசிங்கின் ராணியின் ஞாபகமாகவே அந்தப் பெயர் பெற்றது என்பது கர்ண பரம்பரை.

அந்தப் பெண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கேயோ புந்தேல்கண்டத்திலிருந்து, பாஷை தெரியாத ஊருக்கு வந்து, சில மாதங்களுக்குள் நெருப்பில் விழுந்த ஒரு சிறு பெண்ணின் தேசம் எது? 1829-இல் சட்டம் போட்டுத் தடுத்த ஒரு கொடுமையை, பாட்டில் வருகிறது என்பதற்காகப் பெருமையாகச் சொல்லி வந்தோம். அதுவும் நாம் திருத்திக்கொள்ள வேண்டிய பிழையே.

அப்படியானால் தமிழ் ஜனங்கள் எதற்காக இந்த வடநாட்டு வாலிபனைத் தங்கள் வீரனாக்கிக்கொண்டார்கள்? வரி கேட்க வந்தவனிடம் 'கொடுக்க முடியாது' என்று நிமிர்ந்து நின்று சொன்னவன் ஒருவன் இருந்தான் என்பதனாலேதான் என்று நமக்குத் தோன்றுகிறது. நாயக்கன், சுல்தான், மராட்டியன், மொகலாயன், நவாபு என்று வந்த ஒவ்வொருவனுக்கும் வரி கொடுத்துக் கொடுத்து முதுகு வளைந்த குடியானவனுக்கு, அந்த ஒரு வார்த்தை தேன்போல இனித்திருக்க வேண்டும். தான் சொல்ல முடியாததைச் சொன்னவனை அவன் சொந்தக்காரனாக்கிக்கொண்டான். எந்த ஊர், என்ன பாஷை, என்ன ஜாதி என்று கேட்கவில்லை. பாட்டிலே அவனைச் செஞ்சியிலேயே பிறக்க வைத்துவிட்டான்! தேசிங்கைத் தமிழனாக்கியது ரத்த சம்பந்தம் அன்று, ஜனங்களுடைய அன்பு.

நாடு என்னும் சொல்

ஆளுக்கொரு தேசபக்தி என்று செஞ்சியில் நின்றுகொண்டு பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. ராஜாராமுக்கு அது தம் தகப்பனார் ஸ்தாபித்த ராஜ்யத்தை அழியாமல் காப்பது. பிறந்த மண்ணை விட்டு எத்தனையோ காத தூரம் ஓடிவந்து, யாரோ கட்டிய கோட்டைக்குள் தம் சிம்மாசனத்தை வைத்துக்கொண்டு அதைக் காப்பாற்றினார். தேசிங்குக்கு அது மானம். தோடர்மல்லுக்கு உப்பிட்டவருக்கு உழைப்பது. மஹபத்கானுக்குத் தோழமை. 1750-லும் 1761-லும் இந்த மலைகளில் ஏறிய வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பின்னால், மாதச் சம்பளத்துக்காகத் துப்பாக்கி தூக்கிய நம் நாட்டுச் சிப்பாய்களுக்கு அது என்னவாக இருந்ததோ!

இவர்கள் எல்லோரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது ஏரி வெட்டினவன், களஞ்சியத்துக்கு நெல் சுமந்தவன், கல்யாண மஹாலுக்குத் தண்ணீர் ஏற்றச் சுடுமண் குழாய் வனைந்த குயவன் இவர்களுடைய பெயர் ஒன்றாவது நமக்குத் தெரியுமா? எட்டு வருஷ முற்றுகையின்போது கோட்டைக்கு வெளியே யார் பயிர் அழிந்தது, யார் மாடு போயிற்று என்று எந்தப் பாட்டும் பாடவில்லை. அவர்களுக்கும் இந்த மண்ணிடம் பக்தி இருந்திருக்கும். அதைச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு நேரந்தான் இருந்திராது.

'நாடு' என்ற சொல்லையே பாருங்கள். சோழர் காலத்தில் செஞ்சிப் பக்கத்துக் கிராமங்கள் சேர்ந்த பகுதிக்குச் 'சிங்கபுர நாடு' என்று பெயர். மாட்டு வண்டியில் ஒரு நாளில் கடந்துவிடக்கூடிய தூரம்! அதுதான் அன்றைக்கு நாடு. அதைத் தாண்டினால் வேறு நாடு. இமயம் முதல் குமரி வரை ஒரே தேசம், அதில் பிறந்த எல்லோரும் அதற்கு உடைமைக்காரர் என்ற எண்ணத்தைத் தமிழர் வீடுகளுக்குள் கொண்டுவந்தவர்கள் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் பாரதியாரும் அவர்கள் காலத்தவர்களும் ஆவர். 1906-இல் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். அதே வருஷத்தில் பாரதியார் சிவாஜியைத் தமிழில் பேச வைத்துப் பாட்டு எழுதினார். மராட்டிய வீரன் தமிழ்க் கவியின் வாயால் பேசியதை அந்நாளில் யாரும் அந்நிய விஷயம் என்று ஒதுக்கவில்லை. அவ்வளவு பெரிய வீட்டை அவர்கள் கட்டி வைத்தார்கள். நாம் அதற்குள் சுவர் எழுப்பி அறை அறையாகத் தடுத்துக்கொண்டிருக்கிறோம்.

உலகத்தார் அபிப்பிராயம்

தேசபக்தியை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்ன பெரியோர் பல தேசங்களிலும் இருந்திருக்கிறார்கள். ருஷியாவில் டால்ஸ்டாய், ஒரு ஜனத்தை மற்றொரு ஜனத்தின்மேல் ஏவிவிடுவதற்கு அரசாங்கங்கள் உபயோகிக்கும் கருவியே தேசபக்தி என்று அதை அடியோடு கண்டித்தார். மகாகவி தாகூர், 1916-லும் அதற்கு அடுத்த வருஷத்திலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பிரசங்கங்கள் செய்து, தேசிய வெறி மனிதத் தன்மையை விழுங்கிவிடும் என்று எச்சரித்தார். தம் தேசத்தின்மேல் அவருக்கு அன்பு இல்லையென்று யார் சொல்லுவார்கள்? 1919-இல் ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்தபோது 'ஸர்' பட்டத்தை வேண்டாமென்று எறிந்தவர் அவரே.

எடித் கேவல் என்ற ஆங்கிலேய நர்ஸ் முதல் மகா யுத்தத்தின்போது பெல்ஜியத்தில் ஆஸ்பத்திரி நடத்தி, இரு பக்கத்துச் சிப்பாய்களுக்கும் சிகிச்சை செய்தாள். தன் பக்கத்துச் சிப்பாய்கள் தப்பி ஓட உதவியதற்காக 1915-ஆம் வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி ஜெர்மானியர் அவளைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முந்திய இரவில், தேசபக்தி மட்டும் போதாது என்றும், தான் ஒருவரிடமும் துவேஷம் வைக்கக் கூடாது என்றும் அவள் தன்னைக் காண வந்த பாதிரியாரிடம் சொன்னாள். தேசத்துக்காகச் சாகப் போகிறவள் சொன்னதனால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

நம் மகாத்மாவோ அன்பு வேறு, துவேஷம் வேறு என்று வாழ்ந்து காட்டினார். இங்கிலீஷ் ஆட்சியை ஒழிக்கப் பாடுபட்டார்; இங்கிலீஷ்காரனை வெறுக்கவில்லை. புதுச்சேரிக் கடற்கரையிலே காந்தி சிலையைச் சுற்றி நெடிய கற்றூண்கள் நிற்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். அவை செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுபோனவை. நாயக்கர் காலத்துச் சிற்பி செதுக்கி, அந்நியன் எடுத்துப்போய், கடைசியில் காந்தியடிகளுக்குக் காவலாக நிற்கின்றன. செஞ்சி யாருடையது என்ற வழக்கில் அந்தத் தூண்களையும் சாட்சியாகக் கூப்பிடலாம்.

பரீட்சை யாருக்கு?

இப்போது அந்தப் பையனுடைய கேள்விக்கு வருவோம். மஹபத்கான் சாகாமல் இருந்திருந்தால் அவனை நல்லவன் என்று சொல்லியிருப்போமா?

மனச்சாட்சியைத் தொட்டுச் சொன்னால், சொல்லியிருக்க மாட்டோம். அவனுடைய பெயரே நமக்குத் தெரிந்திராது. நாம் இத்தனை வருஷமாக மஹபத்கானைப் புகழ்ந்து வந்ததில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இருபத்தொன்பது பிள்ளைகளிடம், 'நீங்கள் இந்த நாட்டின் குழந்தைகள்' என்று சொல்லிவிட்டு, ஒரு பிள்ளையிடம் மட்டும், 'நீயும் மஹபத்கானைப் போல இருந்தால் இந்த நாட்டின் குழந்தைதான்' என்று சொல்லி வந்திருக்கிறோம். மற்றவர்களுக்குப் பிறந்ததே போதும். அவன் மட்டும் பரீட்சையில் தேற வேண்டும். அந்தப் பரீட்சையில் தேறியவனோ செத்துப் போனவன்!

வீட்டில் நான்கு குழந்தைகள் இருந்தால், அவற்றில் மூன்றை இடுப்பில் எடுத்துக்கொண்டு, நான்காவதைப் பார்த்து, "நீ என்னிடம் அன்பாயிருக்கிறாய் என்பதற்கு அத்தாட்சி காட்டு" என்று எந்தத் தாயாவது கேட்பாளா? கேட்டால் அவளைத் தாய் என்று சொல்வோமா? தேசத்தைத் தாய் என்று நாம் வாய் நிறையச் சொல்லுகிறோம். அந்த வார்த்தையை மனப்பூர்வமாகச் சொல்லுகிறவன், உடன் பிறந்தவனிடம் அத்தாட்சி கேட்கமாட்டான். மராத்தி பேசும் பெண்ணை மகாராஷ்டிரத்துக்குப் போ என்றும் சொல்லமாட்டான்.

இதனால் வீரத்தையும் தியாகத்தையும் குறைத்துச் சொல்லுவதாக யாரும் எண்ண வேண்டாம். தேசத்துக்காக உயிர் கொடுத்தவர்கள் நம் வணக்கத்துக்கு உரியவர்களே. ஆனால் உயிர் கொடுக்கும் சந்தர்ப்பம் கோடியில் ஒருவருக்கு வாய்ப்பது. மற்றவர்கள் எல்லோருக்கும் கிடைப்பது தினந்தோறும் பக்கத்து வீட்டுக்காரனோடு வாழும் சந்தர்ப்பம் ஒன்றே. கலியாணம் செய்துகொண்டு, கடை வைத்து, வரி கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஒரு பாட்டிலும் இடம் பெறாமல் மறைந்து போகும் மஹபத்கானும் தேசத்தின் பிள்ளைதான். அவனைச் சேர்த்துக்கொள்ளாத தேசபக்தி, தேசத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் செய்யும் பக்தி.

அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும், நாம் அந்தப் பையனைப் பார்த்து, "நீ கேட்ட கேள்விக்கு விடை சொல்லுகிறேன். சொல்லியிருக்க மாட்டேன். அது என் பிழை" என்றோம். வகுப்பு நிசப்தமாக இருந்தது. உபாத்தியாயர் பிழையை ஒப்புக்கொண்டதைப் பிள்ளைகள் அதற்கு முன் பார்த்ததில்லை போலும். அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை, சற்றுச் சிரித்தான். மராத்திப் பெண், "ஸார், ராஜாராம் கதையையும் ஒரு நாள் சொல்லுங்கள்" என்றாள். "ஆநந்தக் கோன் கதையையும்!" என்றது பின் வரிசை.

இரண்டையும் சொல்லுவதாக வாக்களித்திருக்கிறோம். நவாபு வரும் இடத்தில் இனிக் குரலைக் கரகரக்கச் செய்வதில்லை என்றும் நமக்குள்ளே ஒரு தீர்மானம் செய்துகொண்டிருக்கிறோம். பழைய பழக்கம், உடனே போய்விடாது. ஆனால் வகுப்பின் மூன்றாவது வரிசையில் அந்தப் பையன் உட்கார்ந்திருக்கும் வரையில் மறந்துவிடமாட்டோம்.